யூவிபி இல்லாத யூவிபி விளக்கு – பணமும் வைத்தியச் செலவும் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா,
பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

ஐயா,

சென்ற ஏப்ரலில் உங்களிடம் 2,850 ரூபாய்க்கு ஒரு விளக்கு வாங்கினேன். பெட்டியில் 'ஊர்வனவற்றுக்கான யூவிபி 10.0' என்று அச்சடித்திருக்கிறது. எங்கள் வளர்ப்புப் பல்லி, பச்சை இக்வானா முத்துவுக்காக வாங்கியது. அவனுக்கு ஒன்றரை வயது. விளக்கு நன்றாகவே எரிகிறது. யூவிபி என்ற புற ஊதாக் கதிர்தான் வரவில்லை.

மே வரை முற்றத்துச் செம்பருத்தியில் ஏறி வெயில் காய்ந்தவன். ஜூனில் மழை பிடித்ததும் கூண்டுக்குள் உங்கள் விளக்கே கதி என்றானது. ஆகஸ்ட் கடைசியில் பூவை நீட்டினால் கவ்வுவான், மெல்ல முடியாமல் நழுவ விடுவான். தூக்கினால் பின்கால் விரல்கள் வெடவெடவென்று துடிக்கும். தொடை உப்பியதைப் பார்த்து, பையன் தேறிவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டேன். அதுவே நோய் என்று அப்புறம்தான் தெரிந்தது. மருத்துவர் கீழ்த்தாடையை விரலால் அழுத்தினார், ரப்பர் போல வளைந்தது. மெட்டபாலிக் எலும்பு நோய் என்றார்.

தீனியில் குறை வைக்கவில்லை. முருங்கை, அகத்தி, மல்பெரி இலை, மேலே கால்சியம் பொடி. ஆனால் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான யூவிபி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இல்லாமல் தின்ற கால்சியம் உடம்பில் சேராது. அப்போது உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொள்ளும். இதெல்லாம் உங்கள் பெட்டியின் பின்பக்கத்திலேயே இருக்கிறது, நீங்களே படித்துப் பாருங்கள்.

கோவை நண்பரிடம் புற ஊதாக் கதிரின் வலுவை அளக்கும் யூவி இண்டெக்ஸ் மீட்டரை இரவல் வாங்கி அளந்தேன். ஒரு அடி தூரத்தில் உங்கள் விளக்கு 0.0. அவர் வீட்டு யூவிபி டியூப் அதே தூரத்தில் 3.4. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று காலை வெயிலில் பிடித்தேன், 4ஐத் தாண்டியது. யூவிபி விளக்குகள் ஆறு மாதம், ஒரு வருடத்தில் வலுவிழக்கும் என்பது தெரியும். இது ஐந்து மாத விளக்கு. அதுவும் குறையவில்லை, அறவே இல்லை.

உங்கள் உதவி எண்ணில் பேசியவர், "கண்ணாடி ஜன்னல் பக்கத்துல வைங்க, உடும்புக்கு முட்டையும் கொடுங்க" என்றார். ஜன்னல் கண்ணாடி யூவிபியை விடாது. இக்வானா உடும்பும் இல்லை, இலைதழை தின்னும் பிராணி. முட்டை, இறைச்சி என்று போட்டால் சிறுநீரகம் கெடும். உடும்பை வீட்டில் வைத்திருந்தால் வனத்துறை என்னைத்தான் கொண்டுபோகும். முத்துவை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் முறையாகப் பதிவு செய்திருக்கிறேன்.

விளக்கின் விலை 2,850, ஊசி, மருந்து, எக்ஸ்ரே செலவு 6,400, ஆக 9,250 ரூபாய் 15 நாளில் என் கணக்குக்கு வர வேண்டும். இதே தொகுப்பு விளக்குகளை விற்பதை நிறுத்தி, வாங்கியவர்களுக்கெல்லாம் தகவல் சொல்லுங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், மீட்டர் படங்கள், மருத்துவர் சீட்டு இணைத்துள்ளேன். விளக்கு என்னிடமே இருக்கும். ஆள் அனுப்பினால் கண்ணெதிரே அளந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்