அலையாத்தி ஆற்றில் கைதட்ட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அலையாத்திக் காட்டு ஆற்றில் பறவைகளைப் படமெடுப்பது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. லென்ஸைப் பற்றி அவ்வளவு எழுதியவர் ஓதத்தைப் பற்றி, அதாவது கடல்நீர் ஏறி வடிவதைப் பற்றி, ஒரு வரிகூட எழுதவில்லையே என்பதுதான் என் குறை.

அங்கே கடிகாரமே ஓதம்தான். நீர் வடிந்து சேறு தெரியும்போதுதான் கொக்குக்கும் உள்ளானுக்கும் நண்டும் புழுவும் கிடைக்கும். நமக்கும் நல்ல படம் கிடைப்பது அப்போதுதான். அந்த நேரத்தில் ஒரு பறவையை விரட்டினால் அதன் சாப்பாட்டைத் தட்டிப் பறித்ததாகத்தான் அர்த்தம்.

போன மாதம் படகில் போனபோது, சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களுக்கு நடுவே ஒரு தோசிக் கொக்கு. கழுத்தை உள்ளிழுத்து, தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே அலகை வைத்து, அசையாமல் நின்றது. பூச்சியையோ இறகையோ தண்ணீரில் போட்டு மீனை வரவழைக்கும் கெட்டிக்கார இனம் அது. அதைப் பார்த்துவிட மாட்டோமா என்று பத்து நிமிடம் காத்திருந்தேன். பின்னால் இருந்தவருக்குப் பறக்கும் படம் வேண்டுமாம், பட்டென்று கைதட்டினார். அப்புறம் என்ன, என் படத்தில் வெறும் வேர்தான்.

இன்ஜினை முன்கூட்டியே நிறுத்தித் துடுப்பு போட்டுப் போனால் பல பறவைகள் இடம்கூட மாறுவதில்லை. கைதட்டுவது, செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவது, கூட்டுக்கு மேலே டிரோன் விடுவது எல்லாம் கூடாது என்று படகில் ஏறும்போதே சொல்லிவிடலாம். பறக்கும் படம்தான் வேண்டுமா? சரி, ஷட்டரை 1/2000 நொடியில் வைத்துக் காத்திருங்கள். நீர் ஏறி சேறு மூழ்கும்போது அவை தானாகவே கிளம்பும்.

– ஒரு வாசகர்