கிணற்று நீரில் யுரேனியம், ரேடியம் சோதனைக்கு மாதிரி எடுக்கும் முறையைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
வேதியியல் ஆசிரியர்கள் மற்றும் கிணற்றுப் பாசன விவசாயிகள்,
ராதாபுரம், திசையன்விளை வட்டங்கள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

மதிப்பிற்குரிய ஐயா,

கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதில் கதிரியக்கத் தனிமமான தோரியம் உண்டு என்பதால் தண்ணீரைப் பற்றிய பயம் எங்கள் பக்கம் எப்போதும் தோரியத்தைச் சுற்றியே இருக்கிறது. ஆனால் மோனசைட் பாஸ்பேட் கனிமம். தண்ணீரில் லேசில் கரையாது. துளி தோரியம் வெளியே வந்தாலும் மண் துகளில் ஒட்டிக்கொள்ளும். குடத்துக்குள் வரக்கூடியது பாறை வெடிப்புகளிலிருந்து கரைந்து வரும் யுரேனியம்தான்.

ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் யுரேனியம் நான்காம் ஆக்சிஜனேற்ற நிலையில் கல்லோடு கல்லாகக் கிடக்கும். காற்றுக் கலந்த நீரோ, உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட்டோ பட்டால் ஆறாம் நிலைக்கு மாறி, ஆக்சிஜனோடு சேர்ந்த யுரேனைல் அயனியாகக் கரையும். செம்மண்ணின் இரும்பு ஆக்சைடு அதைப் பிடித்துவைக்கும் என்பது சரியே. ஆனால் நீரில் பைகார்பனேட்டும் கால்சியமும் கூடினால் அவற்றோடு கூட்டுச் சேர்ந்து நழுவிவிடும். எனவே பருப்பு வேகாத, பாத்திரத்தில் சுண்ணாம்புப் பற்று விழும் கிணறுகளை முதலில் சோதிக்க வேண்டும். யுரேனியம் சிதைந்து உண்டாகும் கதிரியக்கத் தனிமமான ரேடியத்தின் போக்கு வேறு. அது பேரியத்தைப் போல நடக்கும். உப்பேறிய நீரில் சோடியமும் கால்சியமும் அதைக் களிமண்ணிலிருந்து கிளப்பிவிடும். உவரி போன்ற கடலோர ஊர்களின் உப்புக் கிணறுகளில் ரேடியத்தையும் பார்க்க வேண்டியது இதனால்தான்.

நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கி "நல்ல தண்ணி" என்று சொல்வது இதற்கு உதவாது. இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500 யுரேனியத்துக்கு வைத்துள்ள எல்லை லிட்டருக்கு 0.03 மில்லிகிராம். டிடிஎஸ் லிட்டருக்கு 900 மில்லிகிராம் இருக்கும் நீரில் அது முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியும் வேண்டாம். யுரேனியம் விடும் ஆல்பா கதிர் பாட்டில் சுவரைத் தாண்டாது. அதோடு, இந்த அளவில் யுரேனியத்தின் முதல் கேடு கதிர்வீச்சு அல்ல, சிறுநீரகத்தைத் தாக்கும் வேதி நச்சு.

மாதிரி எடுக்கையில் கீழ்க்கண்டவாறு செய்ய உத்தரவிடக் கோருகிறோம். குழாயில் தேங்கிய நீர் போகும்வரை மோட்டாரை ஓடவிட வேண்டும். பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) அங்கேயே பார்க்க வேண்டும். 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, அமிலத்தில் கழுவிய பாலித்தீன் பாட்டிலில் 1 லிட்டர் பிடித்து, 2 மில்லி அடர் நைட்ரிக் அமிலம் விட்டு, பிஹெச் 2-க்குக் கீழே வந்ததைப் பிஹெச் தாளில் தொட்டு உறுதி செய்ய வேண்டும். அமிலம் விடாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டி அளவு குறைவாகக் காட்டும். வடிக்காமல் விட்டால் கலங்கலில் உள்ளதும் கரைந்து கூடுதலாகக் காட்டும். பைகார்பனேட்டுக்குத் தனி பாட்டில், அதில் அமிலம் கூடாது. விட்டால் அது வாயுவாகப் பறந்துவிடும்.

ஆய்வகத்தில் யுரேனைலின் ஒளிர்வை வைத்து அளக்கும் ஃபுளோரிமீட்டர் பயன்படுத்தினால் இன்னொரு தவறு நேரும். குளோரைடும் இரும்பும் யுரேனைலின் ஒளிர்வைத் தணித்து, உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராகக் காட்டிவிடும். தெரிந்த அளவு யுரேனியத்தை அதே மாதிரியில் சேர்த்து மீண்டும் அளந்தால் இது தெரிந்துவிடும். ஐயத்துக்குரியதை அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் உறுதி செய்யலாம்.

தை மாதம் ஒரு முறையும், நீர்மட்டம் இறங்கும் வைகாசியில் ஒரு முறையும் குடிநீர்க் கிணறுகளில் இவ்வாறு மாதிரி எடுத்து, "உள்ளது, இல்லை" என்று எழுதாமல் எண்ணோடு ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டுகிறோம். எல்லை தாண்டிய ஊரில், கொதிக்கவைத்தால் யுரேனியம் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும் என்பதையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். அங்கே ஆர்ஓ சுத்திகரிப்புக் கருவி வைத்தால் அதன் கழிவுநீரைக் கிணற்றடியில் விடாமல் வேறு வழி செய்து தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்