பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குத் தகடு மதுரையிலேயே வெட்டலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் "பார்ட்ஸ் கிடைக்காது, எடைக்குப் போட வேண்டியதுதான்" என்ற பேச்சும் கூடவே வருகிறது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற இரண்டு சீட் திறந்த கார்களைப் பொறுத்தவரை இது சரியல்ல. இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு காரின் சேசிஸைக் குறுக்கி அதன் மேல் கட்டப்பட்டது. அந்த ஹெரால்டோ நம் சென்னையிலேயே தயாராகி ஓடிய கார். முன்பக்க சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், என்ஜின் எல்லாம் ஒரே வம்சம். ஆகவே ஓடுகிற பாகங்களுக்கு வழி உண்டு. தட்டுப்பாடெல்லாம் துருப்பிடித்துப்போன உடம்புத் தகட்டுக்குத்தான்.

அந்தத் தகட்டை இன்று மதுரையின் தொழிற்பேட்டைகளான கப்பலூரிலோ புதூரிலோ லேசரில் வெட்டி, சி.என்.சி. (கணினி இயக்கும்) பிரஸ்ஸில் மடக்கி வாங்கிவிடலாம். ஆனால் எதை முதலில் அளப்பது, எதை எப்போது வெட்டுவது, எதைச் செய்யவே கூடாது என்ற ஒழுங்கு தெரியாமல் இறங்குவதால்தான் பல கார்கள் பாதி வேலையில் தார்ப்பாய்க்குள் முடங்கிவிடுகின்றன. வீட்டிலேயே வேலை செய்ய நினைக்கும் வாசகர்களுக்கு அந்த ஒழுங்கைச் சொல்லவே இக்கடிதம்.

ஸ்பிட்ஃபயரில் முதலில் செல்லரிப்பது கதவுக்கு அடியில் ஓடும் சில் பெட்டி. ஹெரால்டு சேசிஸின் இரு பக்கமும் உள்ள துணைச்சட்டங்கள் இதில் இல்லை. அவை தாங்க வேண்டிய பாரத்தை இந்தப் பெட்டிதான் தாங்குகிறது. உள் தகடு, நடுவில் வலுவுக்கு ஒரு தகடு, வெளித் தகடு என்று அது மூன்று அடுக்கு. வெளியே தெரியும் ஓட்டைக்கு மேல் பேட்ச் வைத்து, பட்டி பூசி, அடியில் தார் அடிப்பதுதான் நம் ஊர் வழக்கம். அப்படிச் செய்தால் நீர் வடியும் துளைகள் அடைபட்டு, உள்ளே நின்ற தண்ணீர் மற்ற இரண்டு அடுக்குகளையும் தின்றுவிடும். பேட்ச் மட்டும் பளபளவென்று இருக்கும், கார் நடுவில் தொய்ந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் காரைச் சமதளத்தில் சக்கரத்தின் மேலேயே நிறுத்துங்கள். இரண்டு முனையிலும் ஜாக்கி கொடுத்துத் தூக்கிவைத்து சில்லை வெட்டினால் உடம்பு நடுவில் இறங்கும். புதுத் தகடு அந்த இறக்கத்தோடேயே பற்றிக்கொள்ளும். பிறகு எவ்வளவு கைதேர்ந்த டிங்கராலும் கதவைப் பொருத்த முடியாது. ஓர் அங்குலச் சதுரக் குழாயை, கீல் இருக்கும் தூணிலிருந்து பூட்டு இருக்கும் தூண் வரை நேராக ஒன்றும் மூலைக்கு மூலை ஒன்றும் வைத்துப் பற்றவையுங்கள். கதவை மூடித் திறக்க இடம் இருக்கும்படி குழாய்களைச் சற்று உள்ளே தள்ளி வைக்க வேண்டும். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கம். உள் தகடு, நடுத் தகடு, அதன்பின் கதவை மாட்டிப் பார்த்தல், கடைசியில் வெளித் தகடு என்பதே வரிசை. கதவைச் சுற்றி நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளி ஒரே சீராக வரும்வரை வெளித் தகட்டை டேக் அடிப்பதோடு, அதாவது அங்கங்கே பொட்டு வைத்துப் பிடிப்பதோடு, நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி அளவு. ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைபேசியில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து உருவம் எடுக்கும் மென்பொருளும் போதும். ஆனால் படத்திலிருந்து வரும் உருவத்துக்கு அளவு தெரியாது, 300 மி.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைத் தகட்டின் மேல் வைத்து அதையும் சேர்த்தே படமெடுத்தால்தான் அளவைச் சரிப்படுத்த முடியும். மினுமினுக்கும் பெயின்ட்டிலும் குரோமிலும் ஸ்கேனர் தடுமாறும். லேசாக முகப்பவுடர் தூவினால் சரியாகிவிடும். நல்ல பக்கத்தை எடுத்துக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மறுபக்கத்துக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று பலர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் கால உடம்புகளில் இடமும் வலமும் சில மில்லிமீட்டர் வித்தியாசப்படும். முழு அளவில் தாளில் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி வெட்டி, காரில் வைத்துப் பார்த்த பிறகே தகட்டில் கை வைக்க வேண்டும்.

தகடு வாங்கும்போது வெறுமனே "சி.ஆர். ஷீட்" (கோல்ட் ரோல்டு தகடு) என்று கேட்காமல் ஐ.எஸ். 513 தரத்தில் டி.டி. அல்லது இ.டி.டி. (ஆழமாக அழுத்தி வடிவமைக்கத் தக்க) ரகம் என்று கேளுங்கள். சாதா ரகம் இறுக்கமான மடிப்பில் வெடிக்கலாம். வெளித் தகட்டுக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ.; நடுத் தகட்டுக்கு 18 கேஜ், 1.2 மி.மீ. அதிகம் கோட்டை விடும் இடம் மடிப்புக் கணக்கு. ஒரு மி.மீ. தகட்டை ஒரு மி.மீ. உள்வளைவோடு 90 டிகிரி மடக்கினால், வெளி அளவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து மடிப்புக்குச் சுமார் 1.8 மி.மீ. கழித்துத்தான் விரித்த நீளம் போட வேண்டும். கழிக்காமல் விட்டால் நாலு மடிப்பில் 7 மி.மீ. கூடிவிடும், சில்லில் அது கதவையே முட்டும். பிரஸ்காரரிடம் அவர் போடும் டையின் உள்வளைவைக் கேட்டுக்கொண்டு வரைபடம் போடுவதே முறை.

பற்றவைப்பில் குச்சி வைத்துச் செய்யும் கரண்ட் வெல்டிங் வேண்டவே வேண்டாம், 0.9 மி.மீ. தகட்டை அது பொத்துவிடும். மிக் வெல்டிங் (கம்பி தானாக ஊட்டப்படும் முறை) என்றால் 0.8 மி.மீ. கம்பி, ஆர்கானும் கார்பன்-டை-ஆக்சைடும் 80:20 கலந்த கேஸ். ஒரேயடியாகக் கோடு இழுக்காமல் இங்கொன்று அங்கொன்றாகப் பொட்டு வைத்து, கை பொறுக்கும் சூடு ஆனபின் இடையை நிரப்ப வேண்டும். கண்ணில் படும் வெளித் தகட்டுக்கு டிக் (கம்பியைக் கையால் ஊட்டும் ஆர்கான் வெல்டிங்) மேல். 35 ஆம்பியர் அளவில் ஆரம்பிக்கலாம். டிக் போட்ட இணைப்பு மெத்தென்று இருப்பதால் சுத்தியல் போட்டுச் சமப்படுத்தலாம். மிக் இணைப்பு கெட்டியாகிவிடுவதால் கிரைண்டர் போட்டுத்தான் தேய்க்க வேண்டும், அந்தச் சூட்டில் தகடு மறுபடியும் நெளியும். கம்பெனியில் ஸ்பாட் வெல்டிங் இருந்த இடத்தில் மேல் தகட்டில் 6 மி.மீ. துளை போட்டு நிரப்பினால் வலுவும் தோற்றமும் பழையபடி வரும். எல்லாம் முடிந்ததும் சில்லுக்குள் மெழுகு பீய்ச்சுங்கள். வடிகால் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள்.

துரு நீக்கச் சேசிஸை பிளாஸ்ட் செய்யலாம், அதாவது காற்றழுத்தத்தில் துகள்களை அடித்துச் சுத்தம் செய்யலாம். போனட், கதவு போன்ற அகலத் தகடுகளைச் செய்யக்கூடாது, அலை அலையாக நெளிந்துவிடும். மணல் போட்டு பிளாஸ்ட் செய்தால் அந்தத் தூசி நுரையீரலை அரித்துவிடும், கார்னெட் என்ற கல்துகளையே கேளுங்கள். சுத்தம் செய்த இரும்புக்கு அன்றைக்கே எப்பாக்சி பிரைமர் ஏற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மறுநாளே செம்பழுப்பாகத் துரு பூத்துவிடும். ஆடியில் பெயின்ட் அடித்தால் காற்று கொண்டுவரும் புழுதி அத்தனையும் அதில் ஒட்டும். மாசி, பங்குனிதான் நம் பக்கத்துக்கு ஏற்ற காலம். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் உண்டு. மூக்கில் கைக்குட்டை கட்டுவது காப்பு ஆகாது. வெளிக்காற்று குழாய் வழியாக வரும் முகமூடி வேண்டும்.

3டி பிரிண்ட் விஷயத்தில் ஆசை அதிகம், தெளிவு குறைவு. மலிவான பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைச் சாதாரணமாக எட்டும். ஸ்விட்ச் சட்டம், கைப்பிடி முதலானவற்றை வெயில் தாங்கும் ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக்கில் போடலாம். பி.எல்.ஏ.வை அளவு பார்க்கவும் வார்ப்பு மாதிரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி புள்ளியாகப் பொரிந்துபோன பழைய கைப்பிடியை ஸ்கேன் செய்து, கணினியில் குழிகளை நிரப்பி, மாதிரி எடுத்துப் பித்தளையில் வார்த்து, குரோம் பூசலாம். உருகிய பித்தளை ஆறும்போது சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். அலுமினியம் அதைவிடச் சற்றுக் குறைவு. மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாக்காவிட்டால் கைப்பிடி துளையில் ஆடும்.

பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்களை வீட்டில் அச்சிடுவதோ வார்ப்பதோ கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பெட்ரோல் டேங்க்கைப் பற்றவைப்பதும் அப்படித்தான். வருடக்கணக்கில் காலியாகக் கிடந்த டேங்க்கிலும் ஆவி தங்கியிருக்கும். வெடித்தால் ஆள் மிஞ்ச மாட்டார். புதுத் தகட்டில் புது டேங்க் செய்துகொள்ளுங்கள்.

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டுக்கும் பொதுவான ஓர் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்சக்கரத் தூணின் அடியில் டிரனியன் என்ற வெண்கலக் கட்டி உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தூணின் இரும்பு மரை இதற்குள் சுற்றும். இதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் ஏற்ற வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை போகாமல் கட்டியாகி நிற்க, தண்ணீர் இறங்கி இரும்பு அரிபடும். ஒருநாள் தூண் ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். சர்வீஸுக்கு விடும்போதே மெக்கானிக்கிடம் இதைச் சொல்லிவிடுங்கள். கிரீஸ் கன்னைக் கையில் எடுத்தவர் எல்லா நிப்பிளுக்கும் அடித்துக்கொண்டே போவார். வலது, இடது மரைகள் எதிரெதிர் என்பதால் மாற்றிப் போடவும் முடியாது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது. எத்தனாலுக்கென்றே வரும் ஹோஸாக முழுவதையும் மாற்றிவிடுங்கள். ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக ஹெட்டில் கெட்டியான எக்ஸாஸ்ட் வால்வ் சீட் போடுவதை லேத் பட்டறைகளே செய்கின்றன. ஒயரிங் தொடுமுன், 1967-க்கு முந்திய ஸ்பிட்ஃபயரில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேரும் என்பதை நினைவில் வையுங்கள்.

பதிவு குறித்தும் ஒன்று. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 ஆண்டு கடந்து மூல வடிவிலேயே இருக்கும் வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும். சேசிஸ், உடம்பு, என்ஜின் இவற்றில் மாற்றம் செய்திருந்தால் கிடைக்காது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஆகவே புதுத் தகடு பழைய வடிவத்தை அப்படியே பின்பற்ற வேண்டும். அகலச் சக்கரத்துக்காக ஃபெண்டரை விரிக்கும் யோசனையே வேண்டாம். பிளாஸ்ட் செய்யுமுன் சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து, வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

லேசர் பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஒரு பீஸ் வேலை எடுப்பதில்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள். பெரிய ஆர்டர் வெட்டி மிஞ்சும் துண்டுகளில் இத்தகைய சிறு பாகங்கள் தாராளமாக அடங்கும். கார்காரர்களும் ஒன்றுக்கு ஒன்று அளவில், மில்லிமீட்டரில், வெட்டுக் கோட்டையும் மடிப்புக் கோட்டையும் தனித்தனி லேயரில் வைத்த டி.எக்ஸ்.எஃப். என்ற கணினி வரைபடக் கோப்போடு போனால் பட்டறைக்கு வரைபட வேலை மிச்சம். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்றையே பகிர்ந்து வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநகர், மதுரை.