பங்கின் வின்சென்ட் டி போல் சபை: செயலாளரின் ஆண்டறிக்கை

பெருமதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, சபைச் சகோதர சகோதரிகளே,

வழமையான காரியங்கள் வழமைபோல நடந்தன. ஆவணியில் மடு மாதா கோயிலுக்கு நடந்து போனவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல், செப்டெம்பர் 27இல் பாதுகாவலர் திருப்பலி, நத்தாருக்கு உலர் உணவுப் பொதி. படங்கள் அறிவித்தல் பலகையில் இருக்கின்றன.

சொல்ல வேண்டியது கிளினிக் ஓட்டோவைப் பற்றித்தான். யோசனை என்னுடையது என்பதால் குறையும் என்னைத்தான் சேரும். குளக்கட்டுக்கு அங்கால் உள்ள வயோதிபர்கள் சீனி வருத்தம், பிறஷர் மருந்துக்கு மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலை பஸ் தவறினால் அந்த மாத மருந்தும் போச்சு. சிலரின் பிள்ளைகள் வெளிநாட்டில். சிலருக்குப் பிள்ளைகள் இப்போது இல்லை. ஏன் என்று இந்த ஊரில் விளக்கத் தேவையில்லை. ஆகவே ஓட்டோ பிடித்து, சபையில் ஒருவர் கூடப் போவது என்று தையில் தீர்மானித்தோம். கை உயர்த்தியவர்கள் 18 பேர். கூடப் போனவர்கள் பொருளாளர், மூன்று பெண்கள், நான். மாரியில் ஓட்டோ சேற்றில் புதைந்து நான் தள்ளிக்கொண்டிருக்க, உள்ளே இருந்த அம்மா எனக்காகத் தேவாரம் பாடினார்.

அந்தத் தேவாரம்தான் பிரச்சினையாகி விட்டது. "பாதிப்பேர் சைவச் சனம், எங்கட ஆக்களுக்குச் செய்தால் போதாதா?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். 2009இல், யுத்தம் முடிந்த காலத்தில், மெனிக் பாம் அகதி முகாமில் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது எங்களிடம் எவரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை. "உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது?" என்று பாரிஸில் சக மாணவர்கள் குத்திக் கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான், 1833இல், 20 வயது ஓசானாம் நண்பர்களோடு இந்தச் சபையைத் தொடங்கினார். கேள்வி இன்னும் பழசாகவில்லை.

திருவிழா வளைவுக்கும் புதிய ஒலிபெருக்கிக்கும் மூன்று ஞாயிறுகளில் காசு சேர்ந்தது. கொடுத்தவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. என் பெயரும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஓட்டோக் கூலிக்கு மட்டும் ஒவ்வொரு மாதமும் வீடு வீடாய் அலைந்தேன்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். விபரம் பொருளாளரின் கொப்பியில் உண்டு. மழையில் நனைந்த இரண்டு பக்கங்களைத் திரும்ப எழுதுகிறார். உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு 11 பேர் சந்தா கட்டவில்லை. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. கூட்ட முடிவில் சுற்றும் பையில் யார் எவ்வளவு போடுகிறார் என்று பார்ப்பதில்லை, சரி. ஒருமுறை அதில் சட்டைப் பொத்தான் ஒன்றும் கிடந்தது.

பங்குத்தந்தைக்கும், மண்டபம் கூட்டிய பிள்ளைகளுக்கும், தேநீர் தந்த மாதர் குழுவுக்கும் நன்றி.

செயலாளர் பொறுப்பை யாராவது கேட்டால் கொப்பியையும் திறப்பையும் இன்றைக்கே கொடுக்கத் தயார். எப்படியோ, தை மாதக் கிளினிக் இரண்டாம் செவ்வாய். ஓட்டோ காலை ஐந்தரைக்குக் கோயில் வாசலில் நிற்கும். சாரதிக்குப் பின்னால் ஓர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

செயலாளர்