சங்கு போட்ட ரூபாய்

பனிமய மாதா துணை

விக்டோரியா,
மாஹே தீவு, சீஷெல்ஸ்.
22-2-2009, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். நீங்களும் அம்மாவும், அக்கா, மச்சான், பாப்பா, தம்பி எல்லோரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் சொல்லச் சொல்ல அக்கா எழுதிய கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. புதுவருஷத்துக்குப் போனில் பேசியதோடு சரி, அதற்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. தப்பு என்மேல்தான். போன் கார்டு, "கேக்குதா, கேக்குதா" என்று நாம் மாறி மாறிக் கேட்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. உங்களுக்கு வலது காது மந்தமாகிவிட்டது என்று அக்கா ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கிறாள். அதனால் இனி மாதம் ஒரு கடிதம் கண்டிப்பாக வரும்.

நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி. "அந்த ஊர்க்காரன் என்னத்த வச்சுப் பொழைக்கான்? மாலத்தீவு மாதிரித்தானா?" தோணியில் வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போய் வந்த தண்டல், தோணிக்கே தலைவர், கேட்கிற கேள்வி. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில், மாலே மாதிரி இல்லை அப்பா. அது தண்ணீர் மட்டத்துக்குப் படிந்து கிடக்கும் பவளத் திட்டு என்பீர்கள். இங்கே கடலிலிருந்து நேரே மலை எழும்புகிறது. இருப்பதில் உயரமான சிகரம் 905 மீட்டர். வல்லநாட்டு மலை அதன் முழங்காலுக்குத்தான் வரும். எல்லாம் கருங்கல். கரையோரப் பாறைகள் யானைகள் படுத்துக் கிடப்பதுபோல் இருக்கும். மொத்தம் 115 தீவு என்கிறார்கள். ஆனால் பெரும்பாலான ஜனம் இந்த ஒரு தீவில்தான் இருக்கிறது. அத்தனை தீவையும் சேர்த்தால் 455 சதுர கிலோமீட்டர், ஆட்கள் 90 ஆயிரத்துக்குள். நம் தூத்துக்குடி டவுனில் பாதிகூட வராது. அவ்வளவு பேருக்கு ஒரு நாடு, ஒரு கொடி, ஒரு ஜனாதிபதி. ஆனால் இவர்களுக்குச் சொந்தமான கடல் 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். நிலத்தைவிடக் கடல்தான் இவர்களுடைய ஆஸ்தி. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

இங்கே ஒரு தமிழ் வாத்தியார் பழக்கம். அவர் சொன்னதிலிருந்து எனக்கு இந்தப் பாறைகளைப் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. இந்த மலை எரிமலை கக்கியதும் இல்லை, பவளம் வளர்ந்ததும் இல்லை. ஆறு கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தியாவோடு ஒட்டிக் கிடந்த நிலமாம். நம் நிலம் வடக்கே நகர்ந்தபோது இந்தத் துண்டு விட்டுப்போய் நடுக்கடலில் நின்றுவிட்டது. ஆப்பிரிக்காக் கரை இங்கிருந்து 1,500 கிலோமீட்டர். நம் கரை ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. வேலை முடிந்து வரும்போது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் உள்ள பாறைமேல் கையை வைத்துவிட்டு வருகிறேன். வெயில் குடித்துச் சூடாக இருக்கும், நம் வீட்டு வாசல் படி மாதிரி.

கடிதத்தோடு பாப்பாவுக்கு நான்கு நாணயம் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஒரு ரூபாயில் பாருங்கள், சங்கு. நம் தாத்தா முங்கி எடுத்த பால்சங்கு இல்லை, இது நீளமான ஊதுசங்கு. அந்தக் காலத்தில் மீன் வந்துவிட்டது என்று கரையில் இதைத்தான் ஊதுவார்களாம். 5 சென்ட்டில் மரவள்ளிச் செடி. 5 ரூபாயில் இங்கே மட்டும் விளையும் இரட்டைத் தேங்காய் மரம். முன்பு கொப்பரையும் இலவங்கப்பட்டையும் ஏற்றுமதி செய்துதான் இந்தத் தீவு பிழைத்தது. இப்போது கொப்பரை போய்விட்டது. பட்டை மரம் மலையெல்லாம் காடாக முளைத்துக் கிடக்கிறது, கேட்பார் இல்லை.

10 சென்ட்டில் இருக்கிற மீனைத்தான் நீங்கள் நன்றாகப் பார்க்க வேண்டும். சூரை. இப்போது நாட்டைத் தூக்கிப் பிடிப்பது அதுதான். ஸ்பெயின்காரனும் பிரெஞ்சுக்காரனும் மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கும் சுருக்குமடி வலைபோட்ட பெரிய கப்பல்களோடு வந்து பிடிக்கிறார்கள். அதற்கு இந்த அரசாங்கத்துக்கு உரிமப் பணம் கட்டுகிறார்கள். பிடித்ததை விக்டோரியா துறைமுகத்தில் இறக்குகிறார்கள். துறைமுகத்தை ஒட்டியே ஆலை, 2,000 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். வெட்டி, அவித்து, டப்பாவில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். காற்று திரும்பினால் சாயங்காலம் ஊர் முழுக்க அந்த வாசம். மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள், நான் நின்று இழுத்துக்கொள்கிறேன். சுருக்குமடியைப் பற்றி நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். இங்கேயும் சின்னப் படகில் போகிறவர்கள் அதையேதான் சொல்கிறார்கள்.

மீனுக்கு அடுத்தது, சொல்லப்போனால் மீனுக்கும் முந்தியது, வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள். 1970க்கு அப்புறம் விமான நிலையம் வந்த பிறகுதான் அந்த வியாபாரம். அதுவரை பம்பாய்க்கும் மொம்பாசாவுக்கும் நடுவே ஓடிய கப்பல் வந்தால்தான் வெளி உலகம். போன வருஷம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வந்தார்களாம், ஊர் ஜனத்தைவிட அதிகம். நான் அந்த ஹோட்டல் பக்கம் போவதில்லை. எனக்கு அங்கே வேலையும் இல்லை.

என் வேலை குடோனில். கன்டெய்னர் வந்தால் பூட்டு முத்திரையை வெட்டி, மூட்டை எண்ணி, கணக்கில் ஏற்ற வேண்டும். இந்த நாட்டை நான் கற்றுக்கொண்டது அந்தக் கன்டெய்னர் வாசலில்தான். இவர்களும் நம்மைப் போல் சோறு தின்கிறவர்கள், ஆனால் ஒரு நெல் இங்கே விளையாது. அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, சிமெண்ட், ஆணி, மின்சாரத்துக்கு எரிக்கும் எண்ணெய் எல்லாம் கப்பலில் வருகிறது. கப்பல் ஒரு வாரம் தாமதமானால் கடைத் தட்டில் தெரிந்துவிடும். இந்தியாவிலிருந்து வந்த வெங்காய மூட்டையை மட்டும் நான் யாரிடமும் விடாமல் நானே இறக்குகிறேன். தோணியில் நீங்கள் ஏற்றியது ஒரு நாட்டுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று இந்த வயதில்தான் எனக்குப் புரிகிறது அப்பா.

சமதரையே கிடையாது. துறைமுகம், குடோன், விமான ஓடுதளம் எல்லாம் கடலை மேடாக்கி எடுத்த நிலம். மழை இப்போது கொட்டுகிறது. ஆனால் மலையில் பெய்வது ஓடைகளில் இறங்கி உடனே கடலுக்குப் போய்விடுகிறது. கோடையில் குழாயில் தண்ணீர் நிறுத்தி நிறுத்தி விடுகிறார்கள். கடல் தண்ணீரை நன்னீராக்கும் ஆலையும் இருக்கிறது. இதைக் கேட்டு அம்மாவுக்கு ஆச்சரியம் இருக்காது. ஒரு நல்லது, பூமத்திய ரேகைக்கு நாலு டிகிரிதான் என்பதால் மாஹேவுக்குப் புயல் கிடையாது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவது என்ற பேச்சே இல்லை. மே மாதம் தெற்கும் கிழக்குமாக ஒரு காற்று எழும்பும், நம் சோழகம் போல. அப்போது மட்டும் கடல் கோபிக்கும், மீன் விலையும் ஏறும்.

இந்த மாதம் பணம் பாதிதான் வந்திருக்கும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். போன அக்டோபரில் இந்த அரசாங்கம் 23 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு வட்டி கட்ட முடியாமல் நின்றுவிட்டது. எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்குகிற நாடு, கையில் டாலர் இல்லை. நவம்பரில் ரூபாயை அதன் போக்கில் விட்டார்கள். 8 ரூபாய் கொடுத்தால் கிடைத்த டாலருக்கு இப்போது 16க்கு மேல் கொடுக்க வேண்டும். இந்த ஊர் ஒரு ரூபாய்க்கு நம் பணம் ஆறு ரூபாய் வந்தது, இப்போது மூன்றுதான். மற்றபடி என் சம்பளத்தில் ஒரு காசு குறைக்கவில்லை, வேலையும் பத்திரம். ராத்திரி கொஞ்ச நேரம் வேறொரு கடையில் கணக்கு எழுதித் தருகிறேன். அறையில் சும்மா இருக்கும் நேரம்தானே. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ரொட்டியும் சூரை டப்பாவும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அம்மாவிடம் அக்கா இதைப் படிக்கும்போது இந்த வரியையும் சேர்த்துப் படிக்கட்டும்.

எதிர்வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரில் பிள்ளை இருக்கிறது. இவர்கள் "பிலே" என்கிறார்கள். ஆனால் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. இந்த ஊர்ப் பாஷையான கிரியோல்தான் பேச்சு, பூசைக்கு மாதா கோவில். 1770இல் இங்கே முதலில் குடியேறிய முப்பதுக்கும் குறைவான பேரில் ஐந்து பேர் நம் தென்னாட்டு ஆட்களாம். பிறகு புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறார்கள். பாட்டியின் கொள்ளுத்தாத்தா எந்த ஊர் என்று அவருக்கே தெரியாது. வாரம் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, "என் பெயரை உங்கள் ஊரில் சொல்வதுபோல் சொல்லு" என்பார். நான் "பிள்ளை" என்பேன். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக் கேட்பார். ஒரு தடவை சொன்னால் போதாது, இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

அவர் வீட்டுப் பின்னால் இரண்டு பெரிய ஆமை இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. முன்பெல்லாம் பெண் குழந்தை பிறந்தால் ஒரு ஆமைக் குஞ்சு வளர்ப்பார்களாம். ஆமை புகுந்த வீடு என்று அம்மா பதறுவாள். இங்கே அது வீட்டுக்கு ஐசுவரியம். பாட்டி அவற்றோடுதான் நாள் முழுக்கப் பேசுகிறார். பிள்ளைகள் இரண்டு பேர் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. பாட்டி வீட்டு மீன்கறியில் தேங்காய்ப்பால், மஞ்சள், இலவங்க இலை எல்லாம் இருக்கும். நம் குழம்புக்குப் பக்கத்துவீட்டுக் குழம்பு மாதிரி. பாறை மீனை இவர்கள் காராங் என்கிறார்கள்.

ஞாயிறு பூசைக்கு அவரோடுதான் போகிறேன். பாட்டு கிரியோலில், ராகம் பிடிபட்டுவிட்டது. இந்த மாதா கோவில் மணி ஒவ்வொரு மணிக்கும் இரண்டு தடவை அடிக்கும். நீங்கள் வாங்கித் தந்த வாட்ச் இப்போது ரிப்பேரில் இருப்பதால் இரண்டாவது தடவை எனக்கு உபகாரம். உங்களுக்கு மணி ஆறு என்றால் இங்கே நாலரை. அம்மா விளக்கேற்றும் நேரம் நான் இன்னும் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பேன். இரண்டு வாரத்துக்கு முன் இங்குள்ள பிள்ளையார் கோவிலில் தைப்பூசக் காவடி. நடுத் தெருவில் நாதஸ்வரம் கேட்டதும் வேலையை விட்டு ஓடிப் போய் நின்றேன். சாமி யாராக இருந்தால் என்ன, தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தது. பந்தியில் சாம்பார் ஊற்றியவர் "இன்னும் கொஞ்சம் போடவா தம்பி" என்றார். எனக்குச் சட்டென்று பேச வரவில்லை.

இங்கே சீமைப்பலா நிறைய. வறுத்தும் சுட்டும், தேங்காய்ப்பாலில் வேகவைத்தும் தின்கிறார்கள். சீமைப்பலாவை இந்த மண்ணில் ஒரு தடவை தின்றவன் எங்கே போனாலும் இங்கேயே திரும்பி வருவான் என்று ஒரு பேச்சு உண்டு. பாட்டி வாரா வாரம் வறுத்துக் கொடுத்துவிடுகிறார். அறையில் இருக்கிற பையன்களுக்குக் கொடுத்துவிடுவேன். நன்றாக இருந்தது என்று பாட்டியிடம் பொய் சொல்லிவிடுகிறேன், அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் போகிறேன். இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை அம்மா. வெறும் பேச்சுத்தான் என்று தெரியும். இருந்தாலும் எனக்குத் திரும்பி வர வேண்டிய இடம் நம் வீடு. ராத்திரி சில நேரம் வள்ளம் கரை ஏற்றும் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும், எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மழை தகரத்தில் விழுகிற சத்தம்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தாத்தா வீட்டுப் பாகம் பற்றிப் பெரியப்பா கையெழுத்துக் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டுப் போட வேண்டாம். சர்வேயர் அளக்கும் அன்று மச்சான் கூட நிற்கட்டும். கிணற்றுக்குப் போகும் நடைபாதை பொது என்று பத்திரத்தில் எழுதிய பிறகு கையெழுத்து. பெரியப்பா மனம் நோகாமல் நீங்களே சொல்லுங்கள், தம்பியைப் பேச விட வேண்டாம். அவனுக்குக் கோபம் முன்னால் வரும்.

அம்மாவின் கண் ஆபரேஷனைப் பணத்துக்காகத் தள்ள வேண்டாம். மே மாதம் பாப்பா கோவிலில் முதல் நற்கருணை வாங்கி, புதுநன்மை எடுக்கும்போது அம்மா அவள் முகத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். புதன்கிழமை சாம்பல் புதன், அதனால் தவக்காலம் முடிந்ததும் நாள் பாருங்கள். வெள்ளை உடுப்பு உப்பளத்து மாமி தைத்துத் தருவதாகச் சொன்னாளே, நினைவுபடுத்துங்கள். மெழுகுவர்த்தியும் செபமாலையும் என் செலவு. இங்கே மாதா கோவில் வாசலில் ஒரு செபமாலை பார்த்து வைத்திருக்கிறேன்.

அம்மாவின் சங்கிலி அடகில் இருப்பது மார்ச் 10ஆம் தேதி வட்டி கட்ட வேண்டும். முழுசாக மீட்க இந்தத் தடவை ஆகாது, வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். பணம் 5ஆம் தேதிக்குள் தம்பி கணக்கில் விழும். அடகுச் சீட்டு பீரோ மேல்தட்டில் பனிமய மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. போகும்போது உங்கள் ரேஷன் கார்டையும் எடுத்துப் போங்கள், போன தடவை கேட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த மகன்

பி.கு.: சங்கு ரூபாயைப் பாப்பா விளையாடித் தொலைப்பதற்குள் தாத்தா படத்துக்குக் கீழே வையுங்கள்.