அலட்சியம் வேறு, ஏனோதானோ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சொல் விளக்கப் பகுதியில் 'ஸ்லிப்ஷாட்' (slipshod) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'அலட்சியமான' என்று மட்டும் போட்டிருந்தீர்கள். அதை நம்பிப் பேத்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவள் கணக்கு நோட்டில் டீச்சர் சிவப்பு மையில் அந்தச் சொல்லை எழுதியிருந்தார். "அலட்சியமாகச் செய்திருக்கிறாயாம்" என்றேன். "இல்லை ஆயா, ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உட்கார்ந்து செய்தேனே!" கண் கலங்கிவிட்டது. நோட்டை வாங்கிப் பார்த்தேன். எல்லாக் கணக்கையும் போட்டிருந்தாள். ஆனால் ஏழு ஒன்றைப் போலிருந்தது. ஸ்கேல் வைக்காத ஓரக்கோடு பாம்பாய் நெளிந்தது. நடுவில் இரண்டு படிகளைக் காணோம். இதற்குப் பெயர் ஏனோதானோ.

அலட்சியம் மனத்தில் இருப்பது, 'இதெல்லாம் ஒரு பொருட்டா' என்ற நினைப்பு. ஸ்லிப்ஷாட் என்பது செய்த வேலையில் தெரிவது. அக்கறை உள்ளவர்களும் அவசரத்தில் அப்படிச் செய்துவிடுவதுண்டு.

சொல் பிறந்த இடமே காலடிதான். 'ஸ்லிப்' நழுவுவது, 'ஷாட்' (shod) என்றால் காலணி போட்ட. லாடம் அடித்த குதிரையையும் 'ஷாட்' என்றுதான் சொல்வார்கள். 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கூட்டுச்சொல்லுக்குத் தொளதொளச் செருப்பு மாட்டியவர் என்பதற்கு மேல் பொருளில்லை. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் விதூஷகன், மூளை குதிகாலில் இருந்தால் குளிர்வெடிப்பு வருமே என்று கேட்டுவிட்டு, உன் மூளைக்குச் செருப்பே தேவைப்படாது என்று அரசனைக் குத்துகிறான். மூளையே இல்லை என்று அர்த்தம்! அங்கே அவன் வாயில் வருவது இந்தச் சொல்தான். வேலையைக் குறை சொல்ல இது வழக்கத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில்.

டர்பன் ஊர்க்காரர்களுக்கு அகராதியே வேண்டாம், வாசலில் கிடக்கும் ஸ்லாப்ஸ் செருப்பே போதும். குப்பை போடப் போகும்போது பேத்தி தன் அப்பாவின் ஸ்லாப்ஸை மாட்டிக்கொண்டு சரக் சரக்கென்று இழுத்துப் போவாள். பாதி வழியில் ஒன்று கழன்றுவிடும். "குப்பைத்தொட்டி வரைக்கும் போய்விட்டாய், செருப்பு வழியில் கிடக்கிறது. உன் கணக்கும் அப்படித்தான்" என்றேன். சிரித்துவிட்டாள்.

இன்னொன்று. கணக்கு, கட்டுரை, ரிப்பேர், விசாரணை ஆகியவற்றை ஸ்லிப்ஷாட் என்று சொல்லலாம். கண்மண் தெரியாமல் கார் ஓட்டுகிறவரைச் சொன்னால் ஒட்டாது. ஒலி ஒற்றுமையைப் பார்த்து, மட்டமான என்று பொருள்படும் 'ஷாடி'யையும் (shoddy) இதன் உறவாக்கிவிட வேண்டாம். அது பழைய கம்பளியைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நெய்த மட்டத் துணியின் பெயர். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் ஆலைகளில் பிறந்தது.

அடுத்த இதழில் 'ஏனோதானோவென்று செய்த' என்று திருத்திப் போடுங்கள். பேத்தியிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா