கம்பைலர் லேபில் ஒரு மதியம் கொடுங்கள்

கடலூர், புதுச்சேரி பொறியியல் கல்லூரிகளின் கணினித்துறை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வெளியூர்க்காரர் ஒருவர் கடலூருக்கு வருகிறார். கையிலிருக்கும் ஒரு முகவரியில் திருப்பாப்புலியூர், இன்னொன்றில் திருப்பாதிரிப்புலியூர். இரண்டும் வேறு ஊர் என்று நினைத்தால் ஆட்டோ காசு வீணாகும், அவ்வளவுதான். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அப்படி நினைத்தால் விடையே மாறிவிடும். ஒரே நினைவிடத்துக்கு இரண்டு பாயின்டர் (முகவரியை வைத்திருக்கும் மாறி) இருப்பதைத்தான் அலியாசிங் என்கிறோம். உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அதை எப்படிக் காட்டுகிறோம் என்பதுதான் என் பேச்சு.

நான் படித்தபோது அது இரண்டு மார்க் கேள்வி. வேலைக்குப் போன முதல் வருஷம், புதுச்சேரியில் ஒரு சின்ன நிறுவனம். தண்ணீர்த் தொட்டி மீட்டருக்கு சி நிரல் எழுதினேன். ஃப்ளோட் (தசம எண்) மதிப்பை இன்ட் (முழு எண்) பாயின்டர் வழியாகப் படித்து, பிழை கண்டுபிடிக்க உதவும் செக்சம் போட்டிருந்தேன். என் மேசையில் ஒழுங்காக ஓடியது. நிரலை வேகமாக்கும் ஓ2 ஆப்டிமைசேஷன் போட்டு அனுப்பியதும் செக்சம் தப்பியது. "ஆப்டிமைசேஷனை எடுத்துடு தம்பி" என்றார் மூத்தவர். எடுத்தேன், சரியானது. தப்பு என் நிரலில்தான் என்று புரிய வெகுநாள் ஆனது. நான்கு பைட்டை மெம்காப்பி என்ற சி ஃபங்ஷனால் நகலெடுத்திருந்தால் போதும். கம்பைலர் அதைப் பெரும்பாலும் ஒற்றைக் கட்டளையாகவே சுருக்கிவிடும்.

லேபில் இதைக் காட்டப் பத்து வரி போதும். ஒரு ஃபங்ஷன், அதற்கு ஒரு இன்ட் பாயின்டர், ஒரு ஃப்ளோட் பாயின்டர். முதலாவதில் 1 எழுதுங்கள், இரண்டாவதில் 0 எழுதுங்கள், முதலாவதைத் திருப்பித் தாருங்கள். கூப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே முகவரி. ஜிசிசி கம்பைலரில் ஓ0 (ஆப்டிமைசேஷன் இல்லாமல்) என்றால் 0 வரும், ஓ2 என்றால் 1. (ஃபங்ஷனைத் தனிக் கோப்பில் வையுங்கள், இல்லையென்றால் வேடிக்கை கெட்டுப்போகலாம்.) இன்ட்டும் ஃப்ளோட்டும் ஒரே இடத்தைத் தொடாது என்று சி விதி சொல்வதால், கம்பைலர் மறுபடி நினைவகத்தைப் பார்க்கவே போவதில்லை. லினக்ஸ் கெர்னல் இந்த விதியை அணைத்துவிட்டுத்தான் கம்பைல் ஆகிறது. அது தெரிந்து எடுத்த முடிவு. எங்கள் மூத்தவர் சொன்னது அந்த ரகமல்ல.

அப்புறம்தான் எனக்கு முக்கியமான பகுதி. இந்த விதியை நம்பிச் செய்யும் ஆப்டிமைசேஷன் சரிதானா என்பதற்கு யார் பொறுப்பு? ஆயிரம் டெஸ்ட் ஓடினாலும் அது ஆயிரம் நிரலுக்குத்தான் சாட்சி. விதிக்குக் கட்டுப்பட்ட எந்த நிரலிலும் விடை மாறாது என்று சொல்ல நிரூபணம் வேண்டும். நிரூபிக்க உட்கார்ந்தால், விதி வளவளவென்ற உரைநடையில் இருந்தால் ஒரு படிகூட நகராது.

ரஸ்ட் என்ற நிரல் மொழிக்கு விதியைத் துல்லியமாக எழுதி இதைச் செய்தார்கள். ரால்ஃப் யுங் குழுவினர் 2020இல் ஸ்டாக்டு பாரோஸ் என்ற விதிமுறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு நினைவிடத்துக்கும் ஓர் அடுக்கு. புதுக் கடன் (அந்த இடத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் இன்னொரு பாயின்டர்) வாங்கினால் மேலே ஒரு தட்டு. கீழே இருப்பவர் மறுபடி எழுதினால் அவருக்கு மேலே உள்ள தட்டெல்லாம் போய்விடும். போன தட்டை யாராவது தொட்டால் தவறு. இதை வைத்து ஆப்டிமைசேஷன்கள் சிலவற்றை காக் என்ற நிரூபண மென்பொருளில் சரிபார்த்தார்கள். பிழைப்புக்கு நிரல் எழுதுபவர்களுக்கு அந்த விதி கொஞ்சம் கறாராகிப் போனது. 2025இல் அடுக்குக்குப் பதில் மரம் வைத்த ட்ரீ பாரோஸ் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அதிகம் பயன்படும் 30,000 ரஸ்ட் நூலகங்களில் ஓட்டிப் பார்த்ததில், பழையதைவிட 54 சதவீதம் குறைவான சோதனைகளைத்தான் அது நிராகரித்தது. நிரூபணத்தையும் விடவில்லை.

விதி சரியாக இருந்தாலும் கம்பைலர் தப்பு செய்யும். 'இந்தப் பாயின்டருக்கு மாற்றுப் பெயர் கிடையாது' என்று ரஸ்ட் சொன்னதை நம்பி ஆப்டிமைஸ் செய்தபோது, ரஸ்ட் கம்பைலரின் பின்பகுதியான எல்எல்விஎம்மில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பிழைகள் வெளிவந்தன. அந்த வசதியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, 2021இல் 1.54 பதிப்பில்தான் நிலைத்தது.

நான் கேட்பது பாடத்திட்ட மாற்றம் அல்ல, அது பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. கம்பைலர் லேபில் ஒரே ஒரு மதியம். முதல் பாதியில் அந்தப் பத்து வரி. மறுபாதியில் ரஸ்டில் அன்சேஃப் (கம்பைலரால் சரிபார்க்க முடியாததை அனுமதிக்கும் குறிச்சொல்) போட்டு அதே தப்பு. மிரி என்ற இலவசக் கருவி எந்த வரியில் எந்தக் கடன் செல்லாமல் போனது என்று காட்டும். நிரூபணம் எழுதச் சொல்ல வேண்டாம். என்ன நிரூபிக்கிறார்கள் என்பதை ஒரு பக்கம் எழுதச் சொன்னால் போதும், எழுதத் திணறுவார்கள்.

சனிக்கிழமை என்றால் நானே வருகிறேன். மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கும் பஸ்தான். நிரல்கள் பென்டிரைவில் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்